ராகேல் அம்மாவின் கதவுச் சாவி

எருசலேம்
ஹெஷ்வான் மாதம், இரண்டாம் நாள்

ஹலப் நகரப் படைமுகாமில் சுல்தானின் ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும் என் மேன்மை தங்கிய ரஹமீம் அத்தான் சமூகத்துக்கு, மைத்துனன் மெர்க்காதோ குனிந்து வணங்கி எழுதுவது.

இதனால் பேரரசின் நான்கு திசைக் குடிமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நேற்று காலைத் தொழுகைக்குப் பின், முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் அருகில், அம்மாவின் கைக்கண்ணாடி முன்னிலையில், மேற்படி மெர்க்காதோவின் மேலுதட்டில் ஒன்பது முடிகள் முளைத்திருப்பது கண்டறியப்பட்டது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் மூன்று. அம்மா அதை அழுக்கு என்கிறாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்பதால் அது மீசையே என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீடு கிடையாது.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்பே படிக்கப்போகும் தணிக்கை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் படை ரகசியம் ஏதும் இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் அறிந்த ஒரே படை, சர்க்கரை டப்பாவுக்கு வரும் எறும்புப் படைதான்.

உங்கள் கடிதம் வந்தது, அத்தான். ஜோயா அக்கா அதை மூன்று முறை படித்தாள். முதல் முறை தனக்கு, இரண்டாம் முறை எங்களுக்கு, மூன்றாம் முறை தன் வயிற்றுக்கு. வயிற்றுக்குப் படிக்கும்போது மட்டும் சில வரிகளை விட்டுவிட்டாள். நீங்கள் அங்கே அணிவகுப்பில் நிற்கிறீர்கள், நான் இங்கே பிரெஞ்சுப் பள்ளியின் வகுப்பில் நிற்கிறேன். உட்கார விடாத விஷயத்தில் உங்கள் சார்ஜெண்டும் என் வாத்தியாரும் ஒரே ஜாதி.

மருத்துவச்சி எஸ்த்ரேயா வந்து பார்த்தாள். இன்னும் பத்து நாள் என்றாள். அதன்பிறகு வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒலிவ மலைச் சரிவில் இருக்கும் அந்த இரண்டு சிறிய கற்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அம்மா ரொட்டி வெட்டும்போதும் அக்கா தலைவாரும்போதும் அந்த இரண்டும் அறையில்தான் இருக்கின்றன. முதல் குழந்தை ஒரு நாள் இருந்தது, இரண்டாவது ஒன்பது நாள். நீங்கள் அப்போது இங்கே இருந்தீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா ஒரு யோசனை சொன்னாள். எனக்குச் செய்ததுபோல் இந்தக் குழந்தையையும் பிறந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுவிடலாம் என்றாள். எனக்கு முன்னால் பிறந்த மூன்று தங்காமல் போக, என்னை விற்றுத்தானே மெர்க்காதோ, விலைபோனவன், என்று பெயர் வைத்தாள். மரணதூதன் பழைய விலாசத்தில் தேடிவிட்டுப் போய்விடுவானாம். அது பலித்ததற்கு நானே அத்தாட்சி, பதினைந்து வருஷமாக என்னை யாரும் திருப்பி வாங்கவில்லை. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"என் பிள்ளைய யாருக்கும் விக்க மாட்டேன்மா. ரெண்டு தடவையும் நூல் கட்டினேன். ராகேல் அம்மா சமாதிய ஏழு சுத்து சுத்தி வந்த நூல்தான். நூல் அறுந்துபோகும். இந்தத் தடவை எனக்குச் சாவி வேணும்" என்றாள்.

அது எந்தச் சாவி என்று உங்களுக்குத் தெரியும். பெத்லகேம் சாலையில் இருக்கும் ராகேல் சமாதியின் கதவுச் சாவி. வலி எடுத்தவளின் தலையணைக்கு அடியில் அதை வைத்தால் வழி திறக்கும் என்று நம் பெண்கள் கேட்டு வாங்கிவருவார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "பிரசவத்துல செத்துப்போனவகிட்டயே போய் பிரசவத்துக்கு உதவி கேக்கிறீங்களே" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் கரண்டி என் காதோரம் பறந்து சுவரில் பட்டது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"அதனாலதான்டா. சாராள், ரெபெக்காள், லேயாள் எல்லாரும் எப்ரோன் குகையில புருஷன் பக்கத்துல படுத்திருக்காங்க. இவ ஒருத்திதான் தெருவோரத்துல தனியாக் கிடக்கிறா. யாக்கோபு பயணத்துல வழியிலேயே புதைச்சிட்டுப் போயிட்டான். எங்க வலி அவளுக்குத்தான் புரியும்."

அவள் எங்கே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாள் என்றால், ஆணியில் தொங்கும் உங்கள் மேலங்கியைப் பார்த்துக்கொண்டு.

ஆகவே அத்தான், சாவியைக் கொண்டுவரும் பொறுப்பை ஒன்பது முடிக்காரனாகிய நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். கவலையை மூட்டை கட்டி ஒட்டகத்தில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். மலை, கூட்டம், திருடர், யாரும் என்னைத் தடுக்க முடியாது.

ஆண்டவர் உங்களை நிமிர்ந்து நடக்க வைக்கட்டும், சார்ஜெண்டின் கண்ணில் படாமல் உட்காரவும் வைக்கட்டும்.

உங்கள் மைத்துனன்
மெர்க்காதோ


எருசலேம்
ஹெஷ்வான் மாதம், பதினைந்தாம் நாள்

அன்பு அத்தானுக்கு,

நீங்கள் அப்பா ஆகிவிட்டீர்கள். பெண் குழந்தை. உயிரோடு இருக்கிறது. அக்காவும் உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் உன் கதையை அள என்று அம்மா என் தலைமேல் நின்றுகொண்டிருந்தாள். எழுதியாயிற்று. அம்மா போய்விட்டாள். இனி அளக்கிறேன்.

பத்தாம் நாள் மாலையில் வலி எடுத்தது. விடிகிற நேரத்தில் எஸ்த்ரேயா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை குறுக்க கிடக்கு. நான் திருப்பப் பாக்கறேன். ஆனா இவ பயத்துல உடம்ப இறுக்கி இறுக்கி வச்சுக்கிறா. ரெண்டு பேரையும் சேர்த்து இழுக்கவேண்டியிருக்கு. அவ கேக்கிறதக் கொண்டுவந்து குடுங்க" என்றாள்.

வழக்கப்படி வீட்டில் பூட்டியதையெல்லாம் திறந்தோம். கதவு, ஜன்னல், துணிப்பெட்டி, மாவு டப்பா, எல்லா முடிச்சுகளும். என் பெட்டியையும் திறந்தார்கள். அதில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த பள்ளிக்கூட மணியின் நாக்கு இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடி பாக்கி இருக்கு. இப்ப ஓடு" என்றாள்.

ஓடினேன், அத்தான். யாஃபா வாசலிலிருந்து ராகேல் சமாதி வரை ஒன்றரை மணி நேர நடை என்பார்கள். நான் எங்கும் நிற்காமல் ஓடினேன். ரயிலடியில் ஒரு நாய் என்னோடு போட்டிக்கு வந்து, மார் எலியாஸ் மடத்தருகே தோற்று உட்கார்ந்துவிட்டது. அன்று பதினோராம் நாள், ராகேல் அம்மா இறந்த நாள் என்பதால் சாலை முழுக்க வண்டிகளும் கழுதைகளும். சமாதி வாசலில் நூற்றுக்கணக்கில் பெண்கள், எண்ணெய்ப் புட்டிகளோடும் நூல்கண்டுகளோடும். மோசே கடலைப் பிளந்ததுபோல் நான் கூட்டத்தைப் பிளந்தேன், கோல்கூட இல்லாமல்.

காவலர் ஷெமாயாக் கிழவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவி தர முடியாது, இன்றைக்குக் கூட்டம் என்றார். நான் ஒரு பிரசங்கம் செய்தேன். ராகேல் அம்மா கதவைக் காக்கிற உமக்கு ராகேல் அம்மாவின் பேத்திகளைக் காக்கத் தெரியாதா என்று கேட்டேன். பெண்கள் அழுதுவிட்டார்கள். கிழவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் சாவியை நீட்டினார்.

பிறகு நேராக உள்ளே போனேன். கூட்டத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. கல்லின்மேல் கையை வைத்து, "அம்மா, போன ரெண்டு தடவை கணக்கு சரியில்ல. இந்தத் தடவை எங்க அக்காவையும் பிள்ளையையும் நீ விட்டுத்தரணும்" என்று ஆணையிட்டேன். ஆம், ஆணைதான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

திரும்பியும் ஓட்டம்தான். சாவியைச் சிவப்புத் துணியில் சுற்றி நெஞ்சில் வைத்திருந்தேன். முழங்கையளவு நீளம், நல்ல கனம். அறைவாசலில் அம்மா வாங்கி உள்ளே கொடுத்தாள். அக்கா அதைத் தலையணைக்கு அடியில் வைக்க விடவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வலியிலும் அவளுக்கு மூக்கு வேலை செய்தது.

"ஏன்டா, எள்ளெண்ணெய் வாசம் அடிக்குது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ராகேல் அம்மா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிருப்பாக்கா" என்றேன் நான் வெளியேயிருந்து.

அவள் சிரித்தாள். எஸ்த்ரேயா பிறகு சொன்னாள், அந்தச் சிரிப்பில்தான் உடம்பு தளர்ந்தது, அந்தத் தளர்வில்தான் தன் கை போக வழி கிடைத்தது என்று. நடுப்பகலில் மசூதியிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் குரல் வந்தது. அதற்குப் போட்டியாக உங்கள் மகளின் குரல். முதலில் பூனை என்று நினைத்தேன். பிறகு அம்மா சத்தமாக அழத் தொடங்கியதால் குழந்தை என்று தெரிந்துகொண்டேன்.

அக்காவின் உள்ளங்கையில் சாவியின் பல் மூன்றும் பதிந்திருந்தன. இன்றைக்கும் அந்தத் தடம் இருக்கிறது. எல்லோருக்கும் காட்டுகிறாள். கண் படாமலிருக்கத் தொட்டிலில் அருவதா இலை, பூண்டு, நீலமணி எல்லாம் கட்டியாயிற்று. தெருவில் என்னைப் பார்த்தால் பெண்கள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். மணியின் நாக்கைத் திருப்பிக் கொடுத்தபோது தலைமையாசிரியர்கூட அடிக்கவில்லை. பெயரும் புகழும் எனக்கு ஒத்துக்கொள்கிறது, அத்தான்.

குழந்தை சிறியது. இரண்டு ரொட்டி எடைகூட இருக்காது. பால் குடிக்கும்போதே தூங்கித் தூங்கி விழுகிறது. ஆனால் அக்கா பயப்படவில்லை. சாவி என்னிடம் இருக்கிறது என்கிறாள். நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், தன் கையாலேயே அந்தக் கதவைத் திறந்து, பிள்ளைக்கு ராகேல் என்று பெயர் வைப்பாளாம். அதுவரை சாவியைத் தர மாட்டாளாம். சரி என்று நானும் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள் உங்கள் மூக்கோடு பிறந்திருக்கிறாள். அதற்காக ஆண்டவர் அவளை மன்னிப்பாராக.

வெற்றி வீரன்
மெர்க்காதோ


எருசலேம்
கிஸ்லேவ் மாதம், எட்டாம் நாள்

அன்பும் மரியாதையும் உள்ள ரஹமீம் அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை.

உங்கள் பதில் முந்தாநாள் வந்தது. என் கடிதத்தை முகாமில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாகவும், இஸ்மிர் ஊர்க்காரர் ஒருவர் சாராயம் வாங்கி ஊற்றியதாகவும் எழுதியிருந்தீர்கள். அதன் கீழே, "நீ இனி சின்னப் பையன் இல்லை மெர்க்காதோ. நான் இல்லாத வீட்டில் நீ ஆண்பிள்ளையாக நின்றாய்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்கும் கீழே, வடக்கே போர்முனைக்குக் கிளம்பச் சொல்லலாம் என்று ஒரு வரி இருந்தது. அக்கா அதை மட்டும் மனதுக்குள் படித்துக்கொண்டாள். அவள் உதடு நின்ற இடத்தை வைத்து எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் வீட்டு நிலவரம். அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்து, விட்டுப்போனது. குழந்தை இப்போது கண்ணைத் திறந்து பார்க்கிறது, பால் குடிக்கிறது, ஆனால் சில நாள் குடிப்பதில்லை. குடிக்காத நாளில் அக்கா சாவியை எடுத்துத் தொட்டிலில் வைக்கிறாள். அதைப் பார்க்கும்போது நான் முற்றத்துக்குப் போய்விடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே சொல்ல வரவில்லை, சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தெருமுனை எள்ளுச் செக்குக்கார அபூ சலீமின் மனைவி உம் சலீம் போன வாரம் பிள்ளை பார்க்க வந்தாள். எள்ளு மிட்டாய் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அக்கா வழக்கம்போல் உள்ளங்கையைக் காட்டினாள், பிறகு சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "ராகேல் அம்மா குடுத்தனுப்பினது. எங்க மெர்க்காதோதான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தான்" என்றாள்.

உம் சலீம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் வளையத்தில் அரத்தால் இழுத்த இரண்டு கோடு இருக்கிறது. இருட்டில் விரலால் தடவி அடையாளம் காண அவள் புருஷன் போட்ட கோடு. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது எங்கே போவது என்று தெரியவில்லை, தட்டிலிருந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் சாவியை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அத்தான். தன் வீட்டுச் செக்கறைச் சாவியை. "எங்க சீமாட்டி ராகேல் உன் பிள்ளையக் கண்போலப் பாத்துக்கட்டும்மா" என்று சொல்லி, தானே தலையணைக்கு அடியில் வைத்தாள்.

போகும்போது மாடிப்படியில் என் காதைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாளு எம் புருஷன் செக்கறை வாசல்லயே படுத்துக் கிடந்தான்டா. எண்ணெய விட்டுட்டுச் சாவியத் திருடுறவன் எந்த ஊர்ப் பைத்தியம்னு ஊரெல்லாம் கேட்டான். நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டினியாமே" என்றாள். பிறகு காதை விட்டாள். "வேற பூட்டு போட்டாச்சு. அதத் திருப்பிக் கேக்க மாட்டேன். ஆனா அவகிட்ட நீயே சொல்லு. என் வாயால வரக்கூடாது."

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலையில் ஷெமாயாக் கிழவரிடம் சாவி இல்லை. முந்தின நாளே பெய்த் ஜாலாவிலிருந்து ஒருவர், தன் மகளுக்கு வலி என்று வாங்கிப் போயிருந்தார். கிறிஸ்தவர்தான், ஆனால் கிழவர் வலி கண்டவர்களிடம் வேதம் கேட்பதில்லை. கதவைப் பூட்ட வழியில்லாமல் இரவு முழுக்க வாசலிலேயே இருந்திருக்கிறார். பிரசங்கம் எதுவும் நான் செய்யவில்லை. "சாவி" என்று மட்டும்தான் சொன்னேன், மூச்சு வாங்கியது. ஓடியதால் அல்ல. நான் ஓடவில்லை. யாஃபா வாசலில் ஒரு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தேன். அந்த நாயும் கிடையாது.

"நடுப்பகலுக்குள்ள வந்துரும்டா. ஆள் அனுப்பியிருக்கேன். உள்ள போய் உக்காரு, வேண்டிக்கோ" என்றார் கிழவர்.

என்னால் காத்திருக்க முடியவில்லை, அத்தான். நடுப்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. திரும்பி வரும்போது முற்றத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், போன தடவைபோல, என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன். தெருமுனை வந்ததும் வெறுங்கையோடு எப்படி வீட்டுக்குள் நுழைவது என்று நின்றேன். செக்கறைக் கதவு திறந்திருந்தது. அபூ சலீம் உள்ளே மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சாவி கதவிலேயே இருந்தது. முழங்கையளவு நீளம், நல்ல கனம்.

விளையாட்டாகப் பல பொருளை எடுத்து ஒளித்திருக்கிறேன். இதை எடுக்கும்போது சிரிப்பு வரவில்லை.

போன வியாழக்கிழமை மறுபடியும் சமாதிக்குப் போனேன். நடந்துதான் போனேன். கிழவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் திட்டினார். "நீ போன அரை மணி நேரத்துல சாவி வந்துருச்சு. ஒரு காப்பி குடிக்கிற நேரம் உனக்குப் பொறுமையில்ல" என்றார். அக்கா அந்தச் சாவியோடு வந்து கதவைத் திறக்கப்போவதைச் சொன்னேன். அவர் இன்னும் கோபப்பட்டார், ஆனால் என்மேல் இல்லை.

"எல்லாருக்கும் சாவி மேலதான் பைத்தியம். இந்தக் கதவு வந்தே எழுபது வருஷம்தான் ஆச்சு. இங்கிலாந்துலேர்ந்து ஒரு சீமான் வந்து கட்டிக் குடுத்தது. எங்க தாத்தா காலத்துல நாலு தூணும் ஒரு கூரையுமாத் திறந்து கிடந்துச்சு. அதுக்கு முன்னாடி வெறும் கல்லுக்குவியல், யாக்கோபோட பிள்ளைங்க ஆளுக்கொரு கல்லு வச்சதுன்னு சொல்லுவாங்க. அப்பல்லாம் பொம்பளைங்க பெத்துக்கலையா? உங்க அக்காகிட்ட சொல்லு, கதவ நான் திறந்தே வைக்கிறேன், வந்துட்டுப் போகச் சொல்லு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா கேட்டது திறந்த கதவை அல்ல. தன் கையில் இருப்பது அந்தக் கதவின் சாவி என்று நம்பித்தான் அவள் அன்று உடம்பைத் தளர்த்தினாள். குழந்தை பால் குடிக்காத நாளில் பயப்படாமல் இருப்பதும் அதை நம்பித்தான். நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பயம் வந்துவிடும். சொல்லாவிட்டால், இன்னும் பன்னிரண்டு நாளில் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இத்தனை பெண்களுக்கு நடுவில், அந்தப் பூட்டில் செக்கறைச் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருப்பாள். அது திரும்பாது. அப்போது அவள் என்ன நினைப்பாள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. தன்னை ராகேல் அம்மா உள்ளே விடவில்லை என்று நினைப்பாள்.

ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள், ஓய்வுநாள் வருவதற்குள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது சொல்லியிருப்பேன். அவள் என்னை அடிக்கலாம், எனக்குப் பழக்கம்தான். என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் கஷ்டம். நீங்கள் அவளுக்கு எழுத வேண்டும், அத்தான். என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. பயப்படாதே, வெறுங்கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ என்று எழுதுங்கள். நான் சொன்னால் அது இன்னொரு கதையாகத்தான் தெரியும். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

அல்லது எழுதாமல் நேரில் வந்து சொல்லுங்கள். எந்த வழியாக, எந்த அதிகாரியின் காலில் விழுந்து என்று எனக்குத் தெரியாது. தணிக்கை ஐயா, இதை நீங்கள் அடித்துவிட்டால் அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் ஒருமுறை படியுங்கள். இவர் மகள் இன்னும் இவரைப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதாமல் மடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

கல்லின்மேல் கை வைத்து ராகேல் அம்மாவுக்கு ஆணையிட்டேன் என்று எழுதினேன் அல்லவா. நான் உள்ளேயே போகவில்லை, அத்தான். அன்றும் போகவில்லை, போன வியாழக்கிழமையும் போகவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, துணி போர்த்திய அந்தச் சமாதி மேடு தெரிந்தது, அதைச் சுற்றிப் பெண்கள். கால் எழவில்லை. என்ன கேட்பது என்று மறந்துவிட்டது. "அம்மா" என்று ஒரு சொல்தான் வந்தது, அதையும் முழுதாகச் சொல்லவில்லை. பிறகு அழுதேன், சத்தமாக, எல்லோர் முன்னாலும். யாரோ ஒருத்தி தன் முக்காட்டு நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். ஆண்பிள்ளையாக நின்றது இப்படித்தான்.

உங்களைக் குண்டும் குளிரும் தொடாமல் ஆண்டவர் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்தால் நாம் நால்வரும் சேர்ந்து போவோம். நீங்கள் முன்னால் போங்கள், அக்காவும் குழந்தையும் நடுவில். நான் கடைசியாக வருகிறேன். நீங்கள் இருந்தால் உள்ளே வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உங்கள்
மெர்க்காதோ